உப்புவெளித் தொட்டியில் கல்சியம் ரியாக்டர்: காஸ் மிச்சப்பட்டதும் கேஎச் விழுந்ததும்

தை மாதத்து மழை இன்னும் ஓயாத ஒரு காலையில் அந்த அழைப்பு வந்தது. "தம்பி, கொப்பு நுனியெல்லாம் வெளுத்துக்கொண்டு வருது. கல்சியம் அளந்து பார்த்தன், பெரிசாக் குறையேல்லை. மெசினும் 6.6 எண்டுதான் காட்டுது. ஒருக்கா வந்து பார்த்தா நல்லம்."

அழைத்தவர் திருகோணமலை உப்புவெளியில் விருந்தினர் விடுதி நடத்தும் ஒரு அண்ணை. விடுதியின் முன்கூடத்தில் நாலு அடி நீளத் தொட்டி வைத்திருக்கிறார். மண்ணும் கல்லும் போக, கீழ்த்தொட்டியையும் சேர்த்தால் சுமார் 450 லீட்டர் தண்ணீர். உள்ளே அக்ரோபோரா, மொன்டிபோரா, ஸ்டைலோபோரா என்ற பவள வகைகள். எல்லாமே வெளிநாட்டுப் பண்ணையில் வளர்த்து அனுமதிப் பத்திரத்தோடு வந்த துண்டுகள். இந்த வகைகள் சுண்ணாம்பு எலும்பைக் கட்டிக்கொண்டே வளர்வதால் தண்ணீரிலுள்ள கல்சியத்தையும் காரத்தன்மையையும் (கேஎச் என்பது இதன் அளவு, அலகு டிகேஎச்) தினமும் தின்னும். அதை ஈடுகட்டத்தான் இரண்டு வருடங்களுக்கு முன் கல்சியம் ரியாக்டர் வைத்தோம். வைத்துக் கொடுத்தவன் நான் என்பதால், இந்தக் குழப்பத்தில் எனக்கும் பங்கு உண்டு.

ரியாக்டர் வேலை செய்யும் விதம் எளிது. மூடிய உருளை ஒன்றில் அரகனைட் என்ற சுண்ணாம்புக் கற்களை நிரப்புகிறோம். தொட்டித் தண்ணீர் மெல்ல உள்ளே வருகிறது. சிலிண்டரிலிருந்து காபனீரொட்சைட்டு குமிழி குமிழியாக அதில் கலந்து தண்ணீரை அமிலமாக்க, கல் கரைகிறது. கல்சியமும் பைகாபனேற்றும் ஏறிய தண்ணீர் சொட்டுச் சொட்டாகத் தொட்டிக்குத் திரும்புகிறது. உருளைக்குள் பிஎச் (குறையக் குறைய அமிலம் கூடுவதைக் காட்டும் அளவு) 6.5 முதல் 6.7 வரை இருந்தால் அரகனைட் நன்றாகக் கரையும். அதைக் கண்காணிக்க ஒரு பிஎச் கோல் உள்ளே நிற்கும். பிஎச் ஏறினால், கோலோடு இணைந்த 'கட்டுப்படுத்தி' என்ற கருவி காஸைத் திறக்கும், இறங்கினால் மூடும்.

அந்த 6.6 என்ற இலக்கத்தை நம்பித்தான் எல்லோரும் நிம்மதியாக இருந்தார்கள்.

முதல் நாள் அளவுகள்

அண்ணை ஒரு நல்ல பழக்கம் வைத்திருக்கிறார். அளந்ததை எல்லாம் நாட்காட்டியின் ஓரத்தில் எழுதிவிடுவார். கார்த்திகையில் எழுதியது: கேஎச் 8.2, கல்சியம் லீட்டருக்கு 420 மில்லிகிராம், உப்புத்தன்மை ஆயிரத்துக்கு 35. நான் போன அன்று அளந்தது: கேஎச் 6.2, கல்சியம் 395, மக்னீசியம் 1300, உப்புத்தன்மை 34.

உப்புத்தன்மை ஏன் ஒன்று குறைந்தது என்று கேட்டேன். மார்கழியில் தண்ணீர் மாற்றக் கடல்நீர் எடுத்தார்களாம். இங்கே அது அடிக்கடி நடக்கும் தவறு. வடகீழ்ப் பருவமழையில் மகாவலி கொட்டியாரக்குடாவில் வந்து கொட்டும்போது குடாப் பக்கத்துக் கடல்நீர் நன்றாக இளகிவிடும். அந்த மாதங்களில் மேல்நீரை அள்ளினால் உப்பு குறைவாகத்தான் கிடைக்கும். கடல்நீர் வேண்டுமென்றால் ஆனி, ஆடியில் நிலாவெளிப் பக்கம் எடுத்து, இருட்டில் மூடி வைப்பது நல்லது.

ஆனால் பழியை அதன்மேல் போட்டுவிட்டு வீட்டுக்குப் போயிருந்தால் பெரிய பிழையாகியிருக்கும். 35இல் ஒன்று குறைந்தது என்றால் எல்லாமே நூற்றுக்கு மூன்று அளவில் குறைந்திருக்க வேண்டும். கேஎச்சில் அது 0.2, கல்சியத்தில் 12. மிச்சம் கேஎச்சில் 1.8, கல்சியத்தில் 13. பவளம் ஒரு டிகேஎச்சை இழுக்கும்போது லீட்டருக்கு 7 மில்லிகிராம் கல்சியத்தையும் இழுக்கும். 1.8 தரம் 7 என்றால் ஏறக்குறைய 13. கணக்கு இவ்வளவு சரியாகப் பொருந்துவது எனக்கே அபூர்வம். பவளம் தின்றிருக்கிறது, ரியாக்டர் ஈடுகட்டவில்லை.

"கல்சியம் பெரிசாக் குறையேல்லை" என்று அண்ணை சொன்னதிலும் பிழை இல்லை. வீட்டில் பாவிக்கும் சோதனைப் பெட்டிகளில் கல்சியம் 10, 15 முன்பின் காட்டும். ரியாக்டர் படுத்துப் பல நாள் போனாலும் கல்சிய அளவு அதைச் சொல்லாது. கேஎச் சில நாளிலேயே சொல்லிவிடும். ரியாக்டர் வைத்திருப்பவர் வாரத்துக்கு ஒன்றைத்தான் அளக்க முடியும் என்றால் கேஎச்சை அளக்கட்டும்.

சொட்டு நீரை அளந்தபோது

அடுத்ததாக, ரியாக்டரிலிருந்து வெளியே வரும் தண்ணீரை அளந்தேன். இதைத்தான் பலர் செய்வதில்லை. மருந்துப் போத்தலோடு வரும் அளவு மூடியைச் சொட்டுக்குக் கீழே பிடித்து நேரம் பார்த்தேன். நிமிடத்துக்கு 8 மில்லிலீட்டர். நாளுக்கு 11.5 லீட்டர். இது நான் முன்பு வைத்துவிட்டுப் போன அதே வேகம். வேகத்தில் பிழை இல்லை.

அப்புறம் அதன் கேஎச். இந்தத் தண்ணீரில் கேஎச் 25, 30 என்று இருக்கும் என்பதால் நேராகச் சோதித்தால் மருந்து போதாமல் போகும். பாதி சொட்டு நீர், பாதி சுத்திகரித்த தண்ணீர் என்று கலந்து சோதித்து, வரும் விடையை இரண்டால் பெருக்க வேண்டும். கலந்து, ஊசியால் ஒவ்வொரு துளியாக விட்டுக் குலுக்கினேன். ஆறாவது துளியிலேயே நீலம் மஞ்சளாக மாறிவிட்டது. அண்ணை பக்கத்தில் நின்று, "என்ன தம்பி, அதுக்குள்ள முடிஞ்சுதா?" என்றார். முடிந்துவிட்டது. விடை 11. அங்கே 28 இருக்க வேண்டும்.

11இலிருந்து தொட்டியின் 6.2ஐக் கழித்தால் ஒவ்வொரு லீட்டரும் கொண்டுபோய்ச் சேர்ப்பது 4.8 மட்டுமே. நாளுக்கு 11.5 லீட்டர், அதை 450க்குப் பிரித்தால் 0.12. இந்தத் தொட்டியோ ஆரோக்கியமாக இருக்கும்போது நாளுக்கு 0.5 தின்னும். ரியாக்டர் வைத்த புதிதில் அதை மூன்று நாள் நிறுத்திவைத்துக் கண்டுபிடித்த அளவு அது. அதாவது தேவைப்படுவதில் காற்பங்குதான் போய்க்கொண்டிருந்தது.

உருளைக்குள் உண்மையிலேயே 6.6 இருந்தால் 11 வரவே வராது. இலக்கம் பொய் சொல்கிறது என்று அப்போதே மனதில் பட்டது. ஆனால் அதை உறுதிப்படுத்தியது சிலிண்டர்.

காஸ் சிலிண்டரில் அழுத்தமானியைப் பார்த்து மிச்சத்தை அறிய முடியாது. உள்ளே காபனீரொட்சைட்டு திரவமாக இருக்கும்வரை அழுத்தம் வெப்பநிலையைப் பொறுத்ததே தவிர அளவைப் பொறுத்ததல்ல. பாதி தீர்ந்த பின்னும் ஊசி அதே இடத்தில் நிற்கும். அதனால் நிறுக்கச் சொல்லியிருந்தேன். அண்ணை மீன் நிறுக்கும் தொங்கு தராசு ஒன்று வாங்கி வைத்திருக்கிறார். ஐப்பசி நடுவில் நிரப்பிக் கொண்டுவந்தபோது 9.4 கிலோ. கார்த்திகை முடிவில் 9.2. நான் போன அன்று தூக்கி நிறுத்தோம்: 9.14.

முதல் ஒன்றரை மாதத்தில் 200 கிராம், அடுத்த ஒன்றரை மாதத்தில் 60 கிராம். அவருக்கு அது நல்ல செய்தியாகத் தெரிந்திருக்கிறது. "இந்தமுறை காஸ் நல்லா நிண்டுபிடிக்குது எண்டு நினைச்சன்" என்றார். கணக்கைச் சொன்னேன். நாளுக்கு 0.5 கேஎச் என்றால் 450 லீட்டருக்குச் சுமார் 4 கிராம் கல் கரைய வேண்டும். அதற்கு இரசாயனக் கணக்குப்படியே 1.8 கிராம் காஸ் வேண்டும். நடைமுறையில் அதைவிட இரட்டிப்புக்கூடப் போகும். அவருடைய சிலிண்டர் நாளுக்கு 1.3 கிராம்தான் கொடுத்திருக்கிறது. காஸ் போகாமல் கல் கரையாது.

பிஎச் கோலைக் கழற்றி, கோலைச் சரிபார்க்கவென்று விற்கும், பிஎச் 7.00 உள்ள புதிதாகத் திறந்த கரைசலில் வைத்தேன். மெல்ல மெல்ல இறங்கி 6.6இல் நின்றது. ஆக, உருளைக்குள் உண்மையில் 7.0 இருக்கும்போதே கட்டுப்படுத்தி 6.6 என்று நினைத்து காஸை மூடிக்கொண்டிருந்தது. கோலின் கண்ணாடி நுனிக்கு மேலே, விரல் நகத்தளவு அகலத்தில், வெள்ளை உப்பு வளையம் ஒன்று படிந்திருந்தது. எப்போதும் தண்ணீருக்குள் நிற்க வேண்டிய கோலில் உப்பு எப்படிக் காய்ந்து படியும்?

மின்வெட்டின்போது நடந்தது

கோலை மாற்றிவிட்டு வந்திருக்கலாம். இன்னொரு இரண்டு மாதத்தில் அதே அழைப்பு வந்திருக்கும். அதனால் அன்று பின்னேரம் தொட்டி மின்சாரத்தை நானே நிறுத்திவிட்டு, அலுமாரிக் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு கீழே உட்கார்ந்தேன்.

முதல் ஐந்து நிமிடம் ஒன்றுமில்லை. அதன் பிறகு சொட்டுக்குழாய் முனையில் தொங்கிய துளி விழாமல் உள்ளே போனது. குழாய்க்குள் ஒரு காற்றுக் குமிழி பின்னோக்கி ஏறி, உருளையின் மூடிக்குள் நுழைந்தது. அடுத்தது இன்னொன்று. உருளையின் மேல்மட்டம் இறங்கத் தொடங்கியது. இருபது நிமிடத்தில் கோலின் நுனி வெளியே தெரிந்தது, கல்லின் மேல்வரிசை ஈரமாக மினுங்கியது.

காரணம் என் பொருத்தலில்தான் இருந்தது. ரியாக்டருக்கு வரும் தண்ணீரை, மேல்தொட்டிக்கு ஏறும் பிரதான குழாயிலிருந்து கிளை பிரித்து எடுத்திருந்தேன். தனிப் பம்ப் ஒன்று மிச்சம் என்று நினைத்துச் செய்தது. கரண்ட் நின்றதும் அந்தக் குழாயில் தண்ணீர் கீழ்த்தொட்டிக்குத் திரும்புகிறது. உருளை கீழ்த்தொட்டி நீர்மட்டத்தைவிட உயரமான தட்டில் நிற்பதால், அதன் தண்ணீரும் வந்த வழியே இறங்கிப் போகிறது. திறந்திருக்கும் சொட்டுக்குழாய் வழியாகக் காற்று உள்ளே வருகிறது.

மாரி காலத்தில் உப்புவெளியில் மரம் விழுந்தும் கம்பி அறுந்தும் கரண்ட் போவது வழமை. இரண்டு மணி, மூன்று மணி நேரம் போகும். விடுதிக்கு ஜெனரேட்டர் உண்டு, ஆனால் தொட்டி அந்த இணைப்பில் இல்லை. 2022இல் நாள் ஒன்றுக்கு 13 மணி நேரம்வரை மின்வெட்டு இருந்ததை எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறோம். அதனால் அண்ணை தொட்டியில் தண்ணீரைக் கலக்கும் பம்புக்கு மட்டும் பேட்டரி பூட்டியிருந்தார். மீன் மூச்சுவிட அது போதும். ஆனால் ஒவ்வொரு வெட்டிலும் பிஎச் கோல் காற்றில் காய்ந்து, கரண்ட் வந்ததும் நனைந்து, மறுபடி காய்ந்திருக்கிறது. இந்தக் கோல்களின் கண்ணாடி ஈரத்திலேயே இருக்க வேண்டியது. காய்ந்தால் அளவு வழுவும், பதில் சொல்லவும் நேரமெடுக்கும்.

மின்சாரத்தைத் திரும்பப் போட்டபோது, உருளைக்குள் தண்ணீரைச் சுழற்றும் பம்ப் காற்றைப் பிடித்துக் கரகரவென்று இரைந்தது. "கரண்ட் வந்தா ஒவ்வொரு முறையும் இப்பிடித்தான் கத்தும் தம்பி, பிறகு அடங்கியிடும்" என்றார் அண்ணை. அந்தச் சத்தத்தை இரண்டு மாதமாக அந்த வீடே கேட்டுக்கொண்டிருந்திருக்கிறது.

உருளையைத் திறந்தபோது

கல்லையும் பார்த்துவிடலாம் என்று மூடியைக் கழற்றினேன். நான் நிரப்பிய அரகனைட்டுக்கு மேலே நாலைந்து வெள்ளைக் கொப்புகள், விரல் நீளத்தில். வேலைக்கு நிற்கும் பெடியன் நிலாவெளிக் கரையில் பொறுக்கி வந்து, கல் குறைந்திருக்கிறதே என்று போட்டானாம். நல்லெண்ணத்தில் செய்ததுதான், ஏச மனம் வரவில்லை. ஆனால் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னேன். இலங்கையில் கற்பவளங்கள் சட்டத்தால் பாதுகாக்கப்பட்டவை. நிலாவெளிக்கு நேரே நிற்கும் புறாத்தீவு 2003 முதல் தேசியப் பூங்கா, அங்கிருந்து ஒரு சிறு துண்டைக்கூட எடுக்கக் கூடாது. கரையில் கிடக்கும் செத்த கொப்பும் அந்தக் கடற்கரையை உருவாக்கும் மணல்தான், நாளைக்கு அலை அதை அரைத்துக் கரையில் போடும். ஒரு காலத்தில் சுண்ணாம்புச் சூளைக்கென்று பவளப் பாறைகளை உடைத்து ஏற்றிய கரைகள் இந்த நாட்டில் எத்தனை அரிக்கப்பட்டுப் போயின என்பதைக் கடற்கரையில் பிறந்தவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. தொட்டிக்கும் அது கூடாது. கரையில் கிடந்ததற்குள் செத்த உயிர்களின் எச்சம் இருக்கும், கல் கரையும்போது பொஸ்பேற்று வெளியே வந்து பாசியை வளர்க்கும். பெடியன் கொப்புகளைக் கழுவி அன்றைக்கே கரையில் கொண்டுபோய்ப் போட்டான்.

திருத்தம், அதில் நான் விட்ட பிழை

கோலை வினாகிரி கலந்த தண்ணீரில் கழுவி, பொட்டாசியம் குளோரைட்டுக் கரைசலில் இரவு முழுக்க ஊறவைத்தேன். 7.00, 4.00 இரண்டு கரைசலிலும் திருத்தியபோது ஏறக்குறையச் சரியான அளவு வந்தது, ஆனால் மந்தமாக. புதுக் கோலுக்குக் கொழும்பில் சொல்லிவைத்தேன்.

அதுவரைக்கும் கேஎச்சை விரைவாக ஏற்ற வேண்டும் என்ற அவசரத்தில் கட்டுப்படுத்தியை 6.5இல் வைத்துவிட்டுத் திருகோணமலைப் பட்டினத்துக்குத் திரும்பினேன். அது பிழை. மந்தமான கோல் 6.5க்கு வந்ததை உணர்வதற்குள் உருளையில் அதற்கும் கீழே போய்விடும். மூன்றாம் நாள் அண்ணை அனுப்பிய படத்தில் கற்களின் மேல்பரப்பு சுண்டிய பால் ஆடைபோல இளகிக் கிடந்தது. அந்தப் பசை சொட்டு வால்வில் அடைத்து, வேகம் நிமிடத்துக்கு 3 மில்லிலீட்டராகக் குறைந்திருந்தது. வெளியே வந்த சொட்டின் கேஎச் 40க்கு மேல். இலக்கம் பார்க்க அழகு, ஆனால் நாளுக்கு நாலு லீட்டர்தான் போகிறது. இன்னும் ஒரு நாள் விட்டிருந்தால் முழுதாக அடைத்து நின்றிருக்கும்.

திரும்பப் போய் 6.65இல் வைத்தேன். கல்லை எடுத்துத் தொட்டித் தண்ணீரில் அலசி, பசையை வெளியே ஊற்றினேன்.

சொட்டைக் கட்டுப்படுத்தும் அந்த நுணுக்க வால்வைக் கழற்றி எறிந்ததுதான் இந்த வேலையில் நான் எடுத்த சரியான முடிவு. இதுபோன்ற வால்வைக் கொஞ்சமாகத் திறந்து சொட்டவிடுவது எல்லோரும் செய்வது, எல்லோருக்கும் அடைப்பதும் அதுதான். அதற்குப் பதிலாக, நாள் முழுக்க ஓடத் தகுந்த பெரிஸ்டால்டிக் பம்ப் ஒன்றை வெளிவரும் பக்கத்தில் பூட்டினேன். சுழலும் சின்ன உருளைகள் ரப்பர்க் குழாயை நசுக்கி நசுக்கித் தண்ணீரை இழுக்கும் வகை, ஆஸ்பத்திரியில் இரத்தச் சுத்திகரிப்பு இயந்திரத்தில் சுழல்வதைப் பார்த்திருப்பீர்கள். சின்னத் துணிக்கை அதை அடைக்காது, வேகம் மாறாது. முக்கியமாக, கரண்ட் போனால் குழாய் நசுங்கியபடியே நிற்கும், காற்று உள்ளே வர வழியில்லை. உள்வரும் குழாயைப் பிரதான குழாயிலிருந்து எடுத்துக் கீழ்த்தொட்டித் தண்ணீருக்குள் ஆழமாக இறக்கினேன். காஸ் குழாயில் இருந்த பழைய ஒருவழி வால்வையும் மாற்றினேன். அது பழுதானால் உப்புத் தண்ணீர் ரெகுலேட்டருக்குள் ஏறிவிடும்.

மறுபடி மின்சாரத்தை நிறுத்திவிட்டு உட்கார்ந்தேன். ஒரு மணி நேரம். மட்டம் அசையவில்லை. பெடியன் உருளையில் பேனையால் கீறிய கோட்டில் தண்ணீர் அப்படியே நின்றது.

தொட்டியின் கேஎச்சை மெதுவாகத்தான் ஏற்ற வேண்டும். நாளுக்கு அரை டிகேஎச்சைத் தாண்டாமல் இருப்பது நல்லது, பாய்ச்சி ஏற்றினால் கொப்பு நுனி எரியும். ரியாக்டர் அன்றாடத் தேவையைப் பார்த்துக்கொள்ள, விழுந்துபோன பகுதியைத் தூய அப்பச்சோடாவால் ஈடுகட்டினோம். 450 லீட்டரை 0.5 ஏற்ற 7 கிராமுக்குச் சற்றுக் குறைய வேண்டும். ஒரு போத்தல் சுத்தத் தண்ணீரில் கரைத்து, பம்ப் தள்ளும் இடத்தில் மெல்ல ஊற்றினார் அண்ணை. கேக் மாவுக்குப் போடும் பேக்கிங் பவுடர் வேறு சாமான், அதைத் தொடவே கூடாது. உப்புத்தன்மையை ஒரு வாரமெடுத்து 35க்குக் கொண்டுவந்தோம்.

விடியற்காலை பிஎச்

கேஎச் ஏறிய பிறகும் ஒன்று உறுத்திக்கொண்டிருந்தது. விடியற்காலையில் தொட்டியின் பிஎச் 7.8. ரியாக்டரிலிருந்து வரும் தண்ணீரில் மிச்சக் காஸ் இருக்கும், அது பிஎச்சை இழுப்பது தெரிந்த விஷயம். ஆனால் எல்லாவற்றுக்கும் ரியாக்டரைக் குற்றம் சொல்ல முடியாது. ஒரு வாளித் தொட்டித் தண்ணீரை முற்றத்துக்குக் கொண்டுபோய், காற்றுப் பம்ப் போட்டு ஒரு மணி நேரம் குமிழவிட்டேன். 8.05. அதே வாளியைக் கூடத்துக்குள் வைத்துக் குமிழவிட்டபோது 7.85ஐத் தாண்டவில்லை. மழைக்கு எல்லாச் சன்னலும் பூட்டிய கூடத்தில் ஆட்களின் மூச்சுக் காற்றுத்தான் தொட்டிக்குள் போய்க்கொண்டிருந்தது. நுரை பிரிப்பியின் (காற்றுக் குமிழியால் அழுக்கை நுரையாகப் பிரிக்கும் கருவி) காற்றுக்குழாயைச் சன்னல் சட்டத்தில் துளையிட்டு வெளியே விட்டோம். விடியற்காலை அளவு இப்போது 8.0.

இந்த இடத்தில் சிலர் சுண்ணாம்புத் தண்ணீரையும் சேர்ப்பார்கள். பிஎச்சையும் ஏற்றும், கல்சியமும் கொடுக்கும், நல்ல வழிதான். ஆனால் வெற்றிலைக்குப் பூசும் சுண்ணாம்பைக் கரைக்கலாமா என்று அண்ணை கேட்டதற்கு வேண்டாம் என்றேன். அதில் வேறு என்ன கலந்திருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது.

தை கடைசியில் புதுக் கோல் வந்தது. மாசி நடுவில் எடுத்த அளவு: தொட்டி கேஎச் 8.1, கல்சியம் 415, சொட்டு நீரின் கேஎச் 28, வேகம் 8 மில்லிலீட்டர், சிலிண்டர் 9.02. அக்ரோபோராவில் வெளுத்த நுனிகள் இரண்டு திரும்பவில்லை, அவற்றை வெட்டிவிட்டோம். மற்றவற்றில் ஊதா நிற வளர்நுனி மறுபடி தெரிகிறது.

நாட்காட்டியின் ஓரத்தில் இப்போது புதிதாக இரண்டு வரிகள் சேர்ந்திருக்கின்றன: சொட்டின் கேஎச் வாரம் ஒருமுறை, கோலை 7.00 கரைசலில் பார்ப்பது மாதம் ஒருமுறை. பெடியன்தான் எழுதுகிறான். அடுத்து வரப்போவது கச்சான் காற்றுக் காலம். அந்த வெக்கையில் அலுமாரிக்குள் 31 பாகையைத் தாண்டினால் சிலிண்டருக்குள் காஸ் திரவமாகவே இருக்காது, அழுத்தம் எகிறும், குமிழி வேகமும் நிலையில்லாமல் போகும். சித்திரைக்கு முன் சிலிண்டரை வெளிச்சுவரின் நிழல் பக்கம் மாற்றி, சங்கிலியால் நிமிர்த்திக் கட்ட வேண்டும்.